அடித்த இரண்டு வரிகள்

மார்ச் 3

தம்பிக்கு,

நான்கு மாதமாக உனக்கு எழுதவில்லை. எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். "ஊருக்கெல்லாம் தபால் கொண்டுபோறவங்க, சொந்தத் தம்பிக்கு ஒரு கார்டு போட மாட்டேங்கறாங்க" என்று அலுவலகத்தில் கேலி செய்கிறார்கள். சிரித்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். இன்றைக்கும் சமாதானமாகி எழுதவில்லை. ஒரு விஷயம் கேட்க வேண்டும்.

ராணுவத்திலிருந்து வரும் பழுப்பு உறை உனக்குத் தெரியும். உன் அலுவலகத்திலிருந்துதானே புறப்படுகிறது! அது என் பையில் இருக்கிற நாளில் தெருவே என் கையைப் பார்க்கும். போன வாரம் இரண்டு வந்தன. ஒன்று பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிற மணியக்காவுக்கு. இன்னொன்று பேருந்து நிலையத்துக்கு எதிரே குடை பழுதுபார்க்கிறாளே, அந்தக் குடைக்காரம்மாவுக்கு. ஆளுக்கு ஒரே மகன். அந்தப் பையன்கள் இரண்டு பேரும் நவம்பர் பன்னிரண்டாம் தேதி, அந்தக் குன்றுச் சண்டையில் போய்விட்டார்கள். அம்மாக்கள் இரண்டு பேரும் என்னையே படிக்கச் சொன்னார்கள்.

முதலில் மணியக்கா வீட்டில் படித்தேன். பாதியில் இப்படி வந்தது: "முகாமில் அவர் தம் தாயாரைப் பற்றி அடிக்கடி பேசுவார். வெளியே கிளம்பும்போது அம்மா வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாராம். பத்தடி போனபின் திரும்பி வந்து நான்காவது தடவையும் இழுப்பாராம்."

அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். பூட்டை இழுத்துப் பார்க்கிற அம்மாக்கள் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். பத்தடி போய்த் திரும்பி வருகிறவள் எனக்குத் தெரிந்து நம் வீட்டில் இருந்த ஒருத்திதான். அவள் செத்த அன்றைக்கு நீ வரவில்லை.

மணியக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஆமா, நான் அப்படித்தான் செய்வேன், அதையா சொல்லிட்டிருந்தான்" என்று கடிதத்தைப் பிடுங்கி முத்தம் கொடுத்தாள். அது போகட்டும். அங்கிருந்து குடைக்காரம்மாவிடம் போய் உறையைப் பிரித்தால், அதே கடிதம். பெயர் மட்டும் வேறு. படித்தேன், வேறென்ன செய்வது? அவள் கையிலிருந்த குடைக்கம்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்குக் கதவே கிடையாதேம்மா" என்றாள்.

உண்மைதான். கடைக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு கட்டில், ஓர் அடுப்பு. அவ்வளவுதான் வீடு. பூட்டுக்கு எங்கே போவாள்?

"அப்ப இது வேற யாரோட பிள்ளையோ. பேரை மாத்திப் போட்டுட்டாங்க. என் பையன் இருக்கான்." சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

ஏப்ரல் முதல் தேதி சரக்கு லாரியில் ஏறி அந்தக் குன்றுக்கே போய் மகனைக் கூட்டிவரப் போகிறாளாம். அந்தப் பாதையில் இன்னும் கண்ணிவெடி எடுக்கவில்லை என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தாயிற்று. கேட்கவில்லை.

அந்தக் கடிதத்தை நீதானே எழுதினாய்?

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். திட்டத்தான் எழுதியிருப்பாய் என்று தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது. சொன்னால் நம்பமாட்டாய்.

ஆமாம், நான்தான் எழுதினேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது? மொத்தம் பதினொரு மாதிரிகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தட்டச்சுக்காரர்கள் பெயரையும் தேதியையும் மட்டும் நிரப்புவார்கள். கீழே தளபதியின் கையெழுத்துக்கு ஒரு ரப்பர் முத்திரை. பூட்டு வருவது மூன்றாம் மாதிரி. ஒரே ஊருக்கு ஒரே மாதிரி இரண்டு போகக் கூடாது என்று விதி இருக்கிறது. அன்றைக்கு நிரப்பிய பெண் புதிது.

இதை நான் கல்நெஞ்சோடு செய்யவில்லை. நான் வருவதற்கு முன்னால் இங்கிருந்து போன கடிதங்களில் "தாய்நாட்டின் தவப்புதல்வர்" என்றும் "தாயன்பில் திளைத்தவர்" என்றும் இருக்கும். அவற்றைப் படித்து யாருக்குக் கண்ணீர் வரும்? பத்து வருடம் கவிதை எழுதிக் கற்றுக்கொண்டது ஒன்றுதான். அன்பு என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள், பூட்டை எழுதினால் நம்புவார்கள். டிசம்பரில் அந்த மாதிரியை எழுத உட்கார்ந்தபோது வேறு எந்த அம்மாவும் நினைவுக்கு வரவில்லை. அம்மாவுக்கு நான் செய்த சடங்கு அதுதான் என்று நினைத்துக்கொள்ளேன்.

என் நிலைமையையும் கொஞ்சம் கேள். அந்தக் குன்றைப் பிடித்த தளபதி அடுத்த மாதம் பத்தாம் தேதி வெற்றி நாளன்று தலைமைத் தளபதி ஆகிறார். அவருடைய உரைகள் எல்லாம் இனி என் பொறுப்பு. தனி அறை, என் பெயரில் ஒரு பலகை, என் கவிதைகள் புத்தகமாக வரும். மனிதர் முரடர் என்று நினைக்காதே. கவிதையின் அழகைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை, ஆனால் எந்தச் சொல் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று உடனே கண்டுபிடித்துவிடுவார். கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். போன மாதம் என் வரிகளைப் பார்த்துவிட்டு, "உன் கவிதையில சிப்பாய் ஒருத்தனுக்குக்கூட வியர்க்க மாட்டேங்குதேய்யா" என்றார். என்னை இவ்வளவு சரியாக விமர்சித்தவர்கள் பத்திரிகைகளில்கூட இல்லை.

குடைக்காரம்மாவுக்கு ஆறாம் மாதிரியை அனுப்பச் சொல்கிறேன். அதில் கதவெல்லாம் வராது, தாயின் குரலைப் பற்றியது. எல்லா அம்மாவுக்கும் குரல் இருக்குமே.

உன் தம்பி

மார்ச் 14

தம்பிக்கு,

ஆறாம் மாதிரியை நீயே வைத்துக்கொள். அது என் பையில் வந்தால் கிழித்துச் சாக்கடையில் போடுவேன். என் வேலை போனாலும் சரி.

சடங்கு செய்தாயாமே. செய்த லட்சணத்தைச் சொல்கிறேன், கேள். நவம்பர் பதினொன்று, காலை பத்து மணி. அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உன் தந்தி அப்போதுதான் வந்தது, அதையும் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். "உரை முடியவில்லை. நாளை மாலை புறப்படுகிறேன்." அம்மாவிடம் "கிளம்பிட்டானாம்" என்று பொய் சொன்னேன். "வரட்டும், வந்ததும் கதவைப் பூட்டிடு" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. நீ வந்து சேர்ந்தது பதினான்காம் தேதி. எந்த உரை உன்னை அப்படிக் கட்டிப்போட்டது என்று அன்றைக்கும் நான் கேட்கவில்லை. கேட்டால் நீ அதைப் படித்துக் காட்டுவாயோ என்று பயம்.

சரி, நம் சண்டை இருக்கட்டும். குடைக்காரம்மா கடையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டாள். ஊராருடைய குடைகளையெல்லாம் அவசர அவசரமாகத் தைத்துத் திருப்பிக் கொடுக்கிறாள். மகனுக்கு ஒரு சட்டை எடுத்து வைத்திருக்கிறாள். போரில் இளைத்திருப்பான் என்று இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருக்கிறாள். தினமும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். நான் தலையாட்டிவிட்டு வருகிறேன். என்னை என்ன பாடு படுத்தியிருக்கிறாய் பார்த்தாயா?

அவளை நிறுத்த ஒரே வழிதான் இருக்கிறது. அந்தப் பையன் எப்படிச் செத்தான் என்று விசாரித்து எழுது. உன்னுடைய பூட்டு சாவி எதுவும் வேண்டாம். அவனைத் தெரிந்த ஒருவனைக் கண்டுபிடித்து, அவனுடைய விஷயத்தை எழுது. இது அவளுடைய பிள்ளைதான் என்று அவளுக்கே தெரியும்படி எழுது. பத்து வருடம் எழுதக் கற்றவனுக்கு இது பெரிய காரியமா?

முப்பதாம் தேதிக்குள் வர வேண்டும்.

அக்கா

மார்ச் 23

அக்காவுக்கு,

நீ எழுதியபடி செய்தேன். உள்ளே தனித்தாளில் குடைக்காரம்மாவுக்கான கடிதம் இருக்கிறது. முத்திரை இல்லாமல் உனக்கு எழுதுவது போலவே அனுப்புகிறேன். நீயே கொண்டுபோய்க் கொடு.

கோப்பில் ஒன்றும் இல்லை. "ஏழு பேர், எதிரியின் குண்டு" என்று ஒரே வரி. ராணுவ மருத்துவமனையில் அந்தக் குன்றிலிருந்து பிழைத்து வந்த ஒரு வயர்லெஸ்காரன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஜன்னலோரக் கட்டில், வலது கால் முழங்காலோடு போய்விட்டது. அந்தப் பையனுக்குப் பக்கத்துக் கூடாரம்தான். என்னைப் பத்திரிகைக்காரன் என்று நினைத்து முதலில் வாயே திறக்கவில்லை. குடைக்காரம்மாவைப் பற்றிச் சொன்னேன். பிறகு இரண்டு மணிநேரம் பேசினான். திரும்பி வரும்போது எந்தப் பேருந்தில் ஏறினேன் என்றுகூட நினைவில்லை.

எழுதினேன். தளபதிக்குத் தெரியாமல் அனுப்பியிருக்கலாம். மனம் வரவில்லை, அல்லது தைரியம் வரவில்லை, எதுவென்று சொல்லத் தெரியவில்லை. கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "நீ எழுதினதிலேயே இதுதான் உருப்படி" என்றார். பிறகு பென்சிலை எடுத்து ஒரு வரியை அடித்தார். "இந்த வரி அதிகம். எடுத்துட்டா கடிதம் இன்னும் நல்லா இருக்கு, இல்லையா?"

பெரிய பதவியில் இருப்பவர்கள் கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். கத்துவதே இல்லை, அக்கா. நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது போலப் பேசுகிறார்கள். நானும் தலையாட்டினேன். ஒன்று சொல்லட்டுமா? அந்த வரி இல்லாமல் கடிதம் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அடித்திருப்பது என்ன என்று கேட்காதே. அவள் லாரி ஏறாமல் இருக்க, மீதியே போதும்.

தம்பி

மார்ச் 28

தம்பிக்கு,

கடிதம் நேற்று வந்தது. பைச் சுமையை இறக்குவதற்கு முன்னால் நேராக அவளிடம் போனேன். கடையில் ஒரே ஒரு குடைதான் பாக்கி இருந்தது.

படித்தேன். உன் எழுத்து மாதிரியே இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள். பையன் அதிகம் பேசமாட்டான், ஆனால் யார் கூடாரம் கிழிந்தாலும் ஊசியோடு போய் நிற்பான் என்று எழுதியிருந்தாய். அவள் அசையவில்லை, யாருடைய பிள்ளையாகவும் இருக்கலாம் என்ற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்து இது வந்தது: "தைத்து முடித்ததும் நைலான் நூலைப் பல்லால் கடிக்க மாட்டான். தீக்குச்சி உரசி நுனியைச் சுட்டு, சூடு ஆறுவதற்குள் கட்டைவிரலால் அமுக்குவான். பல்லால் கடித்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள் என்பான்."

அவள் கையை நீட்டினாள். கடிதத்தைத்தான் கேட்கிறாள் என்று கொடுத்தேன். வாங்கவில்லை. என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கட்டைவிரல் நுனி கறுத்துத் தடித்துப் போயிருந்தது. இத்தனை வருடம் அவளிடம் குடை கொடுத்து வாங்குகிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை.

"என் பிள்ளைதான்" என்றாள். அழவில்லை. அந்தச் சட்டையை எடுத்து, இரண்டு பக்கமும் பிடித்துப் போட்டிருந்த தையலை உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள். முழுக்கப் பிரிக்கும் வரை நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஊருக்குத் தபால் இரண்டு மணிநேரம் தாமதம்.

லாரி ஏற மாட்டாள். நீ நினைத்தது நடந்துவிட்டது. ஒரு தாயின் நம்பிக்கையை நாம் இரண்டு பேரும் சேர்ந்து கொன்றிருக்கிறோம் என்றும் சொல்லலாம். செய்திருக்கத்தான் வேண்டும், இருந்தாலும் எனக்கு நேற்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் இன்று காலை அவள் தபால் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். தாளை வெளிச்சத்தில் பிடித்து, "இது என்ன எழுதியிருந்துது?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அறிந்த பிறகுதான் போவாளாம்.

நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். இருபது வருடமாக முகவரி படிக்கிற கண் இது. தளபதி ஒரு வரி அடித்தார் என்றுதானே எழுதினாய்? இரண்டு வரி அடித்திருக்கிறது. முதல் வரி சிவப்புப் பென்சில், படிக்க முடியாதபடி அழுத்தி அடித்தது. அதற்கு அடுத்தது கறுப்பு மை, அடியில் ஓர் எழுத்துகூடத் தெரியாதபடி மேலும் கீழும் தேய்த்திருக்கிறது. சின்ன வயதில் கணக்கு தப்பாகிவிட்டால் நோட்டுப் புத்தகத்தில் நீ இப்படித்தான் தேய்ப்பாய்.

தளபதியின் வரியை அவரே வைத்துக்கொள்ளட்டும். உன் வரி என்னடா?

அக்கா

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

மூன்று நாள் யோசித்தேன். கீழே இருப்பதைக் குடைக்காரம்மாவிடம் அப்படியே படித்துக் காட்டு.

"அம்மா, உங்கள் மகன்மேல் விழுந்தது நம்முடைய பீரங்கிக் குண்டு." இதுதான் சிவப்புப் பென்சிலால் அடித்த வரி.

"குன்றை உச்சிவெயிலில் பிடித்தோம் என்று உரையில் எழுதியவன் நான்." இது நான் அடித்தது.

இரண்டாவதை விளக்க வேண்டும். காலையில் தொடங்கி ஒரு மணி வரை குன்றின்மேல் பீரங்கி சுடும், அதன் பிறகு சிப்பாய்கள் ஏறி இரண்டு மணிக்குப் பிடிப்பார்கள் என்பது திட்டம். அன்று மாலை தளபதி வானொலியில் பேசுவதற்கான வெற்றி உரையை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொன்னார்கள். பதினொன்றாம் தேதி பகல் முழுக்க எழுதினேன். "இரண்டு மணிக்கு" என்பது அந்த வரியில் உட்காரவில்லை. "உச்சிவெயிலில்" உட்கார்ந்தது. ஓசைக்காக மட்டுமே போட்டேன். தளபதிக்குப் பிடித்துவிட்டது. "நல்லா இருக்கே. அப்ப பன்னிரண்டுக்கே முடிச்சிடுவோம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். என் ஒரு சொல்லுக்காக ஒரு படையே வேகமாக நடக்கப் போகிறது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சிப்பாய்களுக்குப் புது நேரம் போனது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பீரங்கிக்காரர்கள் கையில் இருந்த தாளில் பழைய நேரம். பீரங்கி நின்றுவிடும் என்று நம்பிச் சிப்பாய்கள் பதினொன்றரைக்கே குன்றின்மேல் ஏறிவிட்டார்கள். "நாங்க மேலதான் இருக்கோம், நிறுத்துங்க" என்று வயர்லெஸ்காரன் மூன்று தடவை கத்தியிருக்கிறான். எதிரியின் தந்திரம் என்று நினைத்துவிட்டார்கள். ஏழு பேர். உங்கள் மகன் உடனே இறந்தான் என்று வயர்லெஸ்காரன் சொன்னான். அது மாதிரியில் வரும் வாக்கியம் அல்ல, நான் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

எந்த உரை என்னைக் கட்டிப்போட்டது என்று நீ கேட்காமல் விட்டாய் அல்லவா, அக்கா? அதுதான் இது. அம்மாவிடம் வராமல் உட்கார்ந்து அந்தச் சொல்லைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

நேற்று தளபதியிடம் போய், இந்த இரண்டு வரியோடு கடிதத்தை அனுப்பப் போகிறேன் என்றேன். அப்போதும் அவர் கத்தவில்லை. "அந்த ஏழு பேர் பேரும் எனக்கு மனப்பாடம்யா" என்றார். சொல்லியும் காட்டினார். பிறகு என் அறைச் சாவியை மேஜைமேல் வைக்கச் சொன்னார். பலகை, புத்தகம் எல்லாம் போயிற்று. இன்னும் என்னென்ன வருமோ தெரியாது.

வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. அந்தப் பலகையில் என் பெயரை எழுதிக்கூட முடித்திருந்தார்கள்.

கீழே என் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். குடைக்காரம்மா என்னை என்ன சொன்னாலும் மறைக்காமல் எழுது.

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

படித்துக் காட்டினேன். தபால் அலுவலக வாசலில், அவள் தினமும் வந்து உட்கார்ந்திருந்த இடத்திலேயே. முழுக்கக் கேட்டாள். உன்னைத் திட்டுவாள் என்று நான் தயாராக இருந்தேன். திட்டினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி திட்டினாள். எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. "ஒரு வார்த்தைக்காகவா, ஒரு வார்த்தைக்காகவா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நீயே வந்து சொல்.

திட்டி ஓய்ந்தபின், "கீழ கையெழுத்து இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றேன்.

"ரப்பரா, கையா?"

"கைதான்."

தாளை வாங்கி அந்த இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கடையைத் திறக்கப் போய்விட்டாள்.

வாசலில் நடந்தது ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் காலை நான் சைக்கிளை எடுக்க வந்தால் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் பழுப்பு உறை. "எங்களுக்கு வந்ததும் மாதிரிதானா? எங்க பிள்ளை என்ன செஞ்சான்னு உன் தம்பி விசாரிச்சு எழுதுவாரா?" என்று கேட்கிறார்கள். எண்ணினேன். முப்பத்தொரு வீடு. அதில் மணியக்கா மட்டும் வேண்டாம் என்றாள். அவளுக்கு அந்தப் பூட்டே போதுமாம். இப்போதெல்லாம் பத்தடி போய்த் திரும்பி வந்து நான்காவது தடவையும் இழுத்துப் பார்க்கிறாள், என் கண்ணால் பார்த்தேன். அவளை விட்டுவிடு.

மீதி முப்பது. என் சமையலறை மேஜையைத் துடைத்து வைத்திருக்கிறேன். கால் ஆடுகிறது, ஓர் அட்டையை மடித்து வைத்தால் சரியாகும்.

பேனா கொண்டு வா. அந்த வயர்லெஸ்காரனின் முகவரியையும் வாங்கி வா.

உன்மேல் கோபம் இன்னும் போகவில்லை. கிளம்பி வா.

அக்கா